ஜெனரேட்டர் வேகம் நிலைகொள்ளவில்லை: யூஜி-8 கவர்னரா, எலெக்ட்ரானிக் கவர்னரா?

கப்பல் ஜெனரேட்டரின் வேகம் ஏறி இறங்க ஆரம்பித்தால், அது முதலில் தெரிவது மெயின் சுவிட்ச்போர்டில்தான். 60 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய முள் 59.5க்கும் 60.5க்கும் நடுவே ஆடும். இன்ஜின் சத்தமும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். உடனே எல்லோர் கையும், எரிபொருளைக் கூட்டிக் குறைத்து வேகத்தைப் பிடித்து வைக்கும் கவர்னரைத்தான் தேடிப் போகும். இங்கே பார்ப்பது இரண்டு வகை: சுழலும் எடைகளும் எண்ணெய் அழுத்தமும் கொண்டு இயங்கும் யூஜி-8, சென்சாரும் கண்ட்ரோலரும் கொண்டு இயங்கும் எலெக்ட்ரானிக்.

வேகத்தை யார் துல்லியமாகப் பிடிக்கிறார்கள் என்று கேட்டால், எலெக்ட்ரானிக் கவர்னர்தான். அதில் வாதத்துக்கே இடமில்லை. ஆனால் வகைப்படுத்தல் சங்கங்கள் (கப்பலின் தரத்தைச் சோதித்துச் சான்று தருபவை) கேட்பது லோடு மாறிய கணத்தில் 10 சதவீதத்துக்குள், நிலைத்த பிறகு 5 சதவீதத்துக்குள் வேக மாற்றம். நல்ல நிலையில் இருக்கும் யூஜி-8 இதைச் சிரமமில்லாமல் செய்துவிடும். அதனால் நான் பார்ப்பது வேறு: நடுக்கடலில் கோளாறு வந்தால், எது தன் கோளாறைக் காட்டிக்கொடுக்கிறது?

கவர்னர் நிரபராதியாக இருக்கலாம்

இந்த இடத்தில் யூஜி-8க்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. அதன் முகப்பில் நான்கு டயல்கள். அவற்றில் ஒன்று லோட் லிமிட், அதாவது எரிபொருளுக்கு உச்சவரம்பு வைப்பது. லோடு சீராக இருக்கும் நேரமாகப் பார்த்து, லோட் லிமிட் குமிழை மெதுவாகக் குறைத்து, ஃப்யூயல் ரேக் (பம்புகள் தரும் எரிபொருள் அளவை மாற்றும் தண்டு) எரிபொருளைக் கூட்டும் பக்கம் போக முடியாதபடி கட்டிப் போடலாம். ரேக் அசையாமல் நின்ற பிறகும் வேகம் ஆடினால் கவர்னரை விட்டுவிடுங்கள். எரிபொருளில் காற்று, அடைத்த ஃபில்டர், ஒழுகும் இன்ஜெக்டர், எரியாத சிலிண்டர் என்று தேட வேண்டியதுதான். ஆட்டம் நின்றுவிட்டால் கவர்னரும், அதை ரேக்கோடு இணைக்கும் லிங்கேஜும் சந்தேகப் பட்டியலில். ஒரு விஷயம் மட்டும் கவனம்: ரேக் இன்ஜினை நிறுத்தும் பக்கம் போவதை எக்காரணம் கொண்டும் தடுக்கக் கூடாது.

எலெக்ட்ரானிக் வகையிலும் ஃப்யூயல் லிமிட் அமைப்பு இருந்தால் இதையே செய்யலாம். ஆனால் அது பெரும்பாலும் லேப்டாப்பைச் செருகி, கடவுச்சொல் கேட்கும் திரைக்குள் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு அந்தக் கடவுச்சொல் யாருக்கு ஞாபகம் இருக்கும், சொல்லுங்கள்.

இன்னொன்று, லோடு ஏற்றினால் வேகம் விழுந்து திரும்பவே வராத கேஸ். இதில் இரண்டு கவர்னர்களும் ஒரே மாதிரி ஏமாற்றும்: ரேக் முழுக்கத் திறந்திருக்கும், இன்ஜின் இழுக்காது. 2015 முதல் கப்பல் புகைக்கான கட்டுப்பாட்டுப் பகுதிகளில் எரிபொருளின் கந்தக உச்சவரம்பு 0.10 சதவீதம் ஆனதிலிருந்து கனரக எண்ணெயிலிருந்து கேஸ் ஆயிலுக்கு மாற்றுவது வாடிக்கையாகிவிட்டது. சூடாக இருக்கும் குழாயில் கேஸ் ஆயில் போனால் பாகுத்தன்மை 2 சென்டிஸ்டோக்குக்குக் கீழே இறங்கிவிடும்; தேய்ந்த ஃப்யூயல் பம்ப் பிளஞ்சரைச் சுற்றி எண்ணெய் நழுவும். இதற்குப் போய் கவர்னரைக் கழற்றுவது வீண் வேலை.

யூஜி-8: எண்ணெயும் ஒரு ஊசி வால்வும்

சரி, கவர்னர்தான் என்று முடிவானால்? யூஜி-8இல் முதலில் எண்ணெய் கண்ணாடியைப் பாருங்கள். மொத்தமே ஒன்றரை லிட்டருக்குள்தான் எண்ணெய். அது கறுத்தோ நுரைத்தோ இருந்தால் மற்ற எதையும் தொடுவதற்கு முன் மாற்றிவிடுங்கள். இந்தக் கவர்னரின் சீக்குகளில் பெரும்பங்கு அழுக்கு எண்ணெயிலிருந்து வருவதுதான்.

அடுத்தது காம்பென்சேஷன், அதாவது வேகத் திருத்தம் அளவு மீறிப் போகாமல் தணிக்கும் அமைப்பு. உடலின் கீழ்ப்பகுதியில் உள்ள பிளக்கைக் கழற்றினால் உள்ளே ஊசி வால்வு. அதன் தலையில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு வெட்டுகள் இருக்கும், ஒன்று ஆழமானது, ஒன்று ஆழமில்லாதது. ஸ்க்ரூடிரைவர் ஆழமில்லாத வெட்டில்தான் போக வேண்டும். ஆழமான வெட்டு, அதிர்வில் வால்வு தானாகத் திரும்பாமல் இருக்கத் தலையை இறுக்கமாக வைப்பதற்கு. வால்வை இரண்டு மூன்று சுற்று திறந்து, இன்ஜினை அரை நிமிடம் வேண்டுமென்றே ஹன்டிங் (வேகம் ஏறி இறங்குவது) ஆட விட்டால், உள்ளே மாட்டிய காற்று வெளியேறும். அப்புறம் ஆட்டம் நிற்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக மூடி வர வேண்டும். முழுக்க மூடிவிடக் கூடாது. வேகம் திரும்பி வர யுகம் பிடிக்கும்.

சுவிட்ச்போர்டிலிருந்து வேகம் கூட்டக் குறைக்க முடியவில்லை, ஆனால் கவர்னரின் குமிழைக் கையால் திருப்பினால் முடிகிறது என்றால், மேலே உட்கார்ந்திருக்கும் சின்ன மோட்டாரோ அதன் உராய்வு கிளட்ச்சோ வழுக்குகிறது. மீட்டர் எதுவும் தேவையில்லை, விரலே போதும்.

ட்ரூப் (லோடு ஏற ஏற வேகத்தை எவ்வளவு குறைய விடுவது என்ற அமைப்பு) டயலில் ஒரு கண்ணி உண்டு. அதில் இருக்கும் 0 முதல் 100 வரையான எண்கள் சதவீதம் இல்லை, வெறும் அடையாளம். 40 என்று வைத்தால் எத்தனை சதவீதம் என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் அறிய வேண்டும். 900 ஆர்பிஎம் இன்ஜினில் முழு லோடில் 60 ஹெர்ட்ஸ் இருந்து, லோடை எடுத்ததும் 62.4 ஹெர்ட்ஸுக்குப் போனால் 4 சதவீதம்.

எலெக்ட்ரானிக்: பிக்கப்பிலிருந்து தொடங்குங்கள்

யூஜி-8 மெதுவாகத்தான் கெடும். வாரக்கணக்கில் ஆட்டம் காட்டி எச்சரிக்கும். எலெக்ட்ரானிக் கவர்னர் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு ஒயர் தளர்ந்த நொடியில் பிளாக்அவுட். அதன் கண் ஃப்ளைவீல் பல் சக்கரத்தைப் பார்த்து நிற்கும் மேக்னடிக் பிக்கப் என்ற வேக சென்சார்தான். அதன் முனையில் இரும்புத் தூள் ஒட்டினாலும், இடைவெளி அகன்றாலும் சிக்னல் பலவீனமாகும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். ஹெர்ட்ஸும் காட்டும் மீட்டராக இருந்தால் இன்னும் நல்லது: 120 பல், 720 ஆர்பிஎம் என்றால் 1,440 ஹெர்ட்ஸ் வர வேண்டும். அது சரியாக இருந்தால் 24 வோல்ட் டிசி சப்ளை, பிறகு ஷீல்டு ஒயரின் எர்த் (ஒரு முனையில் மட்டும்), பிறகு ஆக்சுவேட்டர் (ரேக்கை நகர்த்தும் பகுதி). இந்த வரிசையை முடிக்காமல் கெயின், ரீசெட் எண்களை (கண்ட்ரோலர் எவ்வளவு வேகமாகத் திருத்தும் என்பதற்கான அமைப்புகள்) மாற்றுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். நேற்று வரை ஓடிய எண்கள் இன்று தானாகத் தப்பாகிவிடாது. அப்படியே மாற்றினாலும் பழைய எண்களை எழுதி வைத்துக்கொண்டு மாற்ற வேண்டும்.

எலெக்ட்ரானிக் வகை மனதைக் கவரும் ஒரு இடம், அலாரம் பதிவு. டிரிப் ஆன பிறகு, முதலில் போனது வேக சிக்னலா சப்ளையா என்று பல மாடல்கள் சொல்லிவிடும். யூஜி-8 வாயே திறக்காது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு: எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டோடு, உள்ளே பால்ஹெட்டும் (சுழலும் எடைகளால் வேகத்தை உணரும் பகுதி) வைத்த ரிவர்ஸ் ஆக்டிங் ஆக்சுவேட்டர். சிக்னல் போனால் அது எரிபொருளைக் கூட்டும் பக்கம் போகும். சற்று அதிக வேகத்தில் பால்ஹெட் பிடித்துக்கொள்ளும், விளக்கு அணையாது. விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் என் ஓட்டு இதற்குத்தான்.

இரண்டு செட் சேர்ந்து ஓடும்போது

தனியாக ஓடினால் அமைதி, பேரலலில் போட்டதும் கிலோவாட் அங்குமிங்கும் ஆடுகிறது என்றால், கவர்னர் வகையைவிட அமைப்புதான் காரணம். முதலில், லோடைத் தானாகப் பங்கிடும் பவர் மேனேஜ்மெண்ட்டை மேனுவலுக்கு மாற்றுங்கள். ஆட்டம் நின்றால் கூட்டு, குறை என்று அது மாற்றி மாற்றி அனுப்பிய பல்ஸ்தான் வில்லன். நிற்கவில்லை என்றால் இரண்டு செட்டின் ட்ரூப்பும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றில் யூஜி-8, இன்னொன்றில் எலெக்ட்ரானிக் என்று கலந்து ஓடும் பழைய கப்பல்களில் எலெக்ட்ரானிக்கையும் ட்ரூப்பில் வைத்துவிடுவதுதான் வழி.

இருக்கிற யூஜி-8ஐ எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: கப்பலில் எலெக்ட்ரிகல் ஆஃபீசர் இருக்கிறார், உதிரி பிக்கப்பும் உதிரி கண்ட்ரோலரும் ஸ்டோரில் இருக்கும் என்றால் தாராளமாகப் போடுங்கள். ஆள் இல்லை, உதிரி வர அடுத்த துறைமுகம் வரை காத்திருக்க வேண்டும் என்றால், அந்தப் பணத்தில் யூஜி-8ஐப் பட்டறைக்கு அனுப்பி ஓவர்ஹால் செய்வது உத்தமம். எதைப் போட்டாலும் லிங்கேஜின் பால் ஜாயிண்டுகளை அப்போதே மாற்றிவிடுங்கள். தேய்ந்த ஜாயிண்டோடு புதுக் கவர்னரை மாட்டினால், அதுவும் பழையதைப் போலவே ஆடும்.