மரச் சைக்கிளுக்கு முன்பணம் கொடுக்கும் முன்

மரத்தில் சட்டம் போட்ட சைக்கிளை “தினமும் ஓட்டலாம்” என்று சொல்லி யாராவது விலை பேசினால், பணத்தை எடுப்பதற்கு முன் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். சேரன்மகாதேவிப் பக்கம் ஒருவர் 28,000 ரூபாய் கொடுத்து வாங்கிய வண்டி ஒரு மழைக்காலத்தைக் கூடத் தாண்டவில்லை. விற்கும்போது, “சுத்தத் தேக்கு அண்ணாச்சி, பேரன் காலம் வரைக்கும் ஓடும்” என்றார்கள். முன் போர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவட்டை) ஒடிந்த பிறகு போய்க் கேட்டால், “மழையில எதுக்கு எடுத்திய? அது அழகுக்கு வைக்கதுல்லா” என்கிறார்கள். பில்லில் ‘மரக் கைவினைப் பொருள்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. சைக்கிள் என்ற சொல்லே அதில் இல்லை.

மரத்தில் ஓட்டும் சைக்கிள் செய்யவே முடியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1817-ல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய இரண்டு சக்கர வண்டியே மரம்தான். அதற்குப் பெடல் கிடையாது, காலால் தரையை உந்தி ஓட்டினார். பந்தய சைக்கிள்களில் பல பத்தாண்டுகள் மர ரிம் ஓடியிருக்கிறது. அமெரிக்காவின் போர்ட்லண்டில் ரெனோவோ என்ற நிறுவனம் கடின மரத்தை உள்ளே குடைந்து ஓட்டுவதற்கான சட்டங்களைச் செய்தது. அப்படிச் செய்யும் வண்டிகளில் தாங்குகிற வேலையை மரம் செய்யும். திருகுகிற, உராய்கிற, மறை (திருகுப் புரி) போடுகிற இடத்திலெல்லாம் உலோகம் இருக்கும். சேரன்மகாதேவி வண்டியைப் பட்டறையில் பிரித்தபோது அந்தப் பாகுபாடே அதில் இல்லை.

முதலில் போர்க். அதுதான் ஆளைக் கொல்லும் பாகம். நேரான பலகையில் வளைவு வரைந்து அறுத்து எடுத்திருந்தார்கள். மரத்தின் ரேகை நீளவாட்டில் நேராகப் போகிறது, வடிவம் மட்டும் வளைகிறது. ஆகவே வளைவு இருக்கும் இடத்தில் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு, இரண்டு மூன்று அங்குல நார்தான் பிடித்துக்கொண்டிருக்கும். முன் பிரேக் பிடித்தால் உடம்பு எடை முழுக்க முன்னால் தள்ளும்; விறகு பிளப்பது போல ரேகை வழியே பிளந்துவிடும். முன்கூட்டி எந்த அறிகுறியும் இருக்காது. வளைவு வேண்டுமென்றால் மெல்லிய பட்டைகளை வளைத்து, அடுக்கடுக்காக ஒட்டித்தான் செய்ய வேண்டும். எங்கள் கருத்து அதைவிடக் கடுமையானது: சட்டம் எந்த மரமாக இருந்தாலும் சரி, போர்க் இரும்பாகவே இருக்கட்டும். மரப் போர்க் போட்ட வண்டியை யாரும் ரோட்டில் ஓட்ட வேண்டாம், பிள்ளைகளை ஏற்றவே வேண்டாம்.

அடுத்தது பெடல் அச்சு உட்காரும் இடம். சாதாரணமாக அங்கே 68 மில்லிமீட்டர் அகலத்தில் உள்மறை போட்ட இரும்புக் குழல் இருக்கும். இந்த வண்டியில் மரத்தில் துளை போட்டு, பைப் துண்டு ஒன்றைத் தட்டி இறக்கி, மேசை நாற்காலிக்குப் பூசும் வெள்ளைப் பசையை ஊற்றியிருந்தார்கள். ஒவ்வொரு மிதிக்கும் அந்தக் குழல் பக்கவாட்டில் நெம்பும். நெம்ப நெம்ப மரம் நசுங்கும், வட்டத் துளை நீள்வட்டமாகும், முதலில் கிறீச் சத்தம், பிறகு கிராங்க் (பெடல் மாட்டும் கை) ஆட்டம், கடைசியில் செயின் கழன்று விழும். குழலுக்குள் திருகும் பேரிங் கப்பை எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, ஏனென்றால் ஆடுவது கப் இல்லை, குழல். வெளிப்பக்கம் சொரசொரப்பாக்கிய குழலை, இரண்டு பாகம் கலந்து பூசும் எபாக்சியில் பதித்து, இரு பக்கமும் தகடு வைத்து போல்ட் போட்டிருந்தால் நின்றிருக்கும். பின் சக்கர அச்சைப் பிடிக்கும் தகடுகளும் வெறும் மர ஸ்குருவில்தான் நின்றன. செயின் இழுப்புக்கு அதுவும் இளகிவிட்டது.

மரமும் தேக்கு இல்லை. சீட் கம்பி இறங்கும் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் மேலே மெல்லிய தேக்குப் பட்டை, உள்ளே வெளிறிய ரப்பர் மரம். ரப்பர் மரம் வீட்டுக்குள் போடும் சாமான்களுக்கு நல்லதுதான், ஈரம் பட்டால் பூஞ்சையும் உளுப்பூச்சியும் பிடிக்கும். நம் ஊர் வானிலையும் லேசானதில்லை. சித்திரை வெயிலில் காயும் மரம், ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறும். தென்காசிப் பக்கம் என்றால் ஆனி ஆடிச் சாரல் வேறு. ஈரத்துக்கு மரம் குறுக்குவாட்டில் உப்பிச் சுருங்கும், நீளவாட்டில் அநேகமாக மாறாது, இரும்பு அதற்கு அசையவே அசையாது. அதனால் வண்டியை ஓட்டாமல் திண்ணையில் நிறுத்தி வைத்தாலே இரும்பும் மரமும் சேரும் இடம் இளகத் தொடங்கும். வேலைக்கு எடுக்கும்போது மரத்தில் ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 (தண்ணீரைத் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரை கேளுங்கள், ஐ.எஸ். 303 எம்.ஆர். ரகம் (ஓரளவு ஈரம் மட்டும் தாங்குவது) மழைக்கு ஆகாது.

எடையையும் யாரும் சொல்ல மாட்டார்கள். 2 அங்குலச் சதுரத் தேக்குக் கட்டை 4 மீட்டர் போனால் சட்டம் மட்டுமே ஆறரைக் கிலோவுக்கு மேல். தராசில் வையுங்கள். மொத்த எடை 25 கிலோவைத் தாண்டினால் பாபநாசம் ஏற்றத்தில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

கடையிலேயே செய்து பார்க்க வேண்டியவை அதிகமில்லை. முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் தள்ளுங்கள், ஹேண்டில்பார் சட்டத்தில் இறங்கும் தலைப்பகுதியில் விரிசல் வாய் திறக்கிறதா பாருங்கள். கிராங்க் இரண்டையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். பின் பிரேக்கைப் பிடித்தபடி ஒரு பெடலில் ஏறி நிற்கச் சொல்லி, பின் சக்கரம் சட்டத்தில் உரசுகிறதா என்று குனிந்து பாருங்கள். வேகத்தடை மேல் இரண்டு தடவை ஏற்றி இறக்கிவிட்டு முதல் இரண்டையும் திரும்பச் செய்யுங்கள். “பாலிஷ் போயிரும், ஓட்டாதீய” என்று தடுத்தால் அது வரவேற்பறைச் சாமான். அதற்கான விலையைப் பேசுங்கள். கடை வாசலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் அழகாகவே இருக்கும்.

வாங்குவதாக இருந்தால் பில்லில் ‘ஓட்டுவதற்கான சைக்கிள்’ என்றும், மரத்தின் பெயரும், தாங்கும் எடையும், உத்தரவாதக் காலமும் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் சரி. கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வாட்ஸப்பில் வந்த விளம்பரப் படம், பணம் அனுப்பிய ரசீது, ஒடிந்த இடத்தின் படம் எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். “சரி பண்ணித் தாரேன்” என்று ஒடிந்த போர்க்கைக் கேட்டால், எழுத்தில் வாங்காமல் கையில் கொடுத்துவிடாதீர்கள்.