மூடுபனிக்குள் ஒரு சண்டை: நான்கு விதிநூல்களின் ஒப்பீடு

திருகோணமலை உப்புவெளியில் சனிக்கிழமை மாலைகளில் கூடும் எங்கள் குழு, பிரெட்றிக் கோட்டையை மாதிரியாக வைத்து வரைந்த ஒரு கற்பனைக் கோட்டையில் சில மாதங்களாக, மேசையில் பகடை உருட்டிக் கதைப் பாத்திரமேற்று விளையாடி வருகிறது. அண்மையில், மந்திரத்தால் எழுந்த மூடுபனிக்குள் இரு தரப்பும் அகப்பட்ட ஒரே சண்டையை, விதிநூலை மாற்றி மாற்றி நான்கு தடவை ஆடிப் பார்த்தோம்.

டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் (2014), எதிரியைக் காணாமல் தாக்குபவர் 20 முகப் பகடையை இரு தடவை உருட்டிச் சிறிய எண்ணை எடுக்க வேண்டும் (எண் பெரிதானால்தான் அடி படும்). தன்னைக் காண முடியாதவரைத் தாக்குபவர் பெரிய எண்ணை எடுப்பார். கற்பதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் இருவருக்குமே கண் தெரியாதபோது இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடுவதால், பட்டப்பகலில் போலவே ஒரே உருட்டலில் சண்டை நடக்கிறது. எங்கள் வில்லாளி இதை வைத்தே விளையாடிவிட்டார். நீள்வில்லின் வழமையான எல்லை 150 அடி. 400 அடி தொலைவில் நின்றவனை வெளியிலிருந்து எய்தால் சிறிய எண்தான் கிடைக்கும். அவர் பனிக்குள் ஓரடி பின்வாங்கினார். எதிரி ஒளிந்துகொள்ளாததால் அவன் நின்ற இடம் தெரியும். எதிரிக்கும் அவரைத் தெரியாது என்பதால் தூரத்தின் பாதகமும் சேர்ந்து கழிந்துபோனது. கண் மறைந்ததும் குறி திருந்தியது!

அதே விளையாட்டின் 2003இல் வந்த 3.5 பதிப்பு இந்தக் கேலிக்கு இடம் கொடுப்பதில்லை. வரைபடத்தில் எதிரி நிற்கும் கட்டத்தைச் சரியாக ஊகித்து, அடியும் பட்டாலும், தனியே உருட்டும் நூற்றுவீதப் பகடையில் பாதி தடவை அது வீணாகும். பார்வை இழந்தவரின் வேகமும் பாதியாகும். நியாயமான விதிதான், ஆயினும் 19 விழுந்து துள்ளிய தம்பியின் முகம் அடுத்த உருட்டலில் வாடியதைப் பார்த்தபோது, இதை ஏன் கைவிட்டார்கள் என்பது விளங்கியது.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு (2019) அந்தப் பாதிக்குப் பாதியை விடவில்லை: இடம் தெரிந்தும் உருவம் தெரியாத எதிரியைத் தாக்க, தனியே உருட்டும் 20 முகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். மங்கலாகவேனும் தெரிந்தால் 5 போதும். இடமே தெரியாவிட்டால், வீரர் ஒரு கட்டத்தைச் சுட்ட, பகடைகளை ஆட்டத்தை நடத்துபவர் மறைவாக உருட்டுவார். "படவில்லை" என்ற பதில் மட்டுமே வரும். கட்டம் பிழையா, பகடை பிழையா என்று தெரியாது. ஒரு சுற்றின் மூன்று செயல்களில் ஒன்றைச் செலவழித்துத் தேடுவதா, காற்றை வெட்டுவதா என்று மேசையே அடங்கிப் போனது. நடத்துபவருக்குத்தான் தலையிடி.

கேர்ப்ஸ் நான்காம் பதிப்பு (2004) மட்டுமே வேறொரு கேள்வியைக் கேட்கிறது. திடீரெனப் பார்வை போனவருக்குச் சண்டைத் திறனில் 10 குறையும்; பார்வையின்றியே வாழ்ந்து பழகியவருக்கு 6. மூன்று பகடைகளின் கூட்டுத்தொகை திறனைத் தாண்டக் கூடாது என்பதால், திறன் 14 உள்ளவரில் முதலாமவர் வெல்லும் வாய்ப்பு 2 வீதத்திலும் குறைவு, மற்றவருக்கு ஏறத்தாழ 26 வீதம். எங்கள் ஒழுங்கையில் கண் தெரியாத பெரியவர் ஒருவர் செருப்புச் சத்தத்திலேயே ஆளை அறிந்து பெயர் சொல்லி அழைப்பார். அவரையும், மின்வெட்டில் கதவு நிலையில் முட்டிக்கொள்ளும் என்னையும் மற்ற மூன்று நூல்களின் பொது விதிகளும் ஒரே தட்டில் வைக்கின்றன.

குழுவில் புதியவர்கள் இருப்பதால் ஐந்தாம் பதிப்பையே தொடர்கிறோம். ஆனால் பனி எழுந்தவுடன் எதிரிகளின் பொம்மைகளை வரைபடத்திலிருந்து எடுத்துவிடுகிறேன்; இருவருக்கும் கண் தெரியாவிட்டால் பாத்ஃபைண்டரின் 11ஐ உருட்டச் சொல்கிறேன். வில்லாளி இன்னும் முணுமுணுக்கிறார்.