கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேருமா நம்பிக்கை மையம் போனோம்

ஹோட்டலுக்கும் ஜவுளிக்கடைக்கும் எல்லாரும் ரிவ்யூ போடுதாவ, இதுக்கு ஒருத்தரும் போட்டு நான் பாக்கல, அதான் எழுதுதேன். திருநெல்வேலி ஜில்லாவுல ஒரு அரசு ஆஸ்பத்திரில இருக்க நம்பிக்கை மையம், எச்ஐவி டெஸ்ட் எடுக்கிற இடம். கல்யாணத்துக்கு ஒன்றரை மாசம் முந்தி நானும் கட்டிக்கப்போறவரும் போனோம்.

ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்துக்கிடுவோமான்னு மொதல்ல ஃபோன்ல கேட்டப்போ அவரு கொஞ்ச நேரம் பேசவே இல்ல, பெறவு "என்னைய சந்தேகப்படுதியா"ன்னாரு. இல்லங்க, எனக்கும் சேத்துதான் சொல்லுதேன், என் ரிசல்ட்ட நீங்க பாருங்க உங்க ரிசல்ட்ட நான் பாக்கேன்னேன். மறுநா காலையில அவரே கூப்பிட்டு "வெள்ளிக்கிழம லீவு சொல்லிட்டேன், போவோம்"னாரு. எனக்கு அழுகையே வந்துட்டு.

குறைய சொல்லிருதேன். போர்டு சரியா தெரியல, மூணு பேர்ட்ட வழி கேட்டோம். உக்கார பெஞ்சு மருந்து வாங்குற வரிசைக்கு நேரா கெடக்கு, ஊர்க்காரவுக யாரும் பாத்துருவாவளோன்னு துப்பட்டாவ இழுத்து மூடிக்கிட்டே இருந்தேன். இத அவசியம் மாத்தணும்.

உள்ள போனா கவுன்சிலர் அக்கா அவ்ளோ தன்மையா பேசினாவ. ரெண்டு பேரையும் தனித்தனியா கூப்பிட்டு, சம்மதம் கேட்டு எழுதி வாங்கிட்டுதான் ரத்தமே எடுத்தாவ. 2017ல வந்த எச்ஐவி சட்டப்படி நம்மள கேக்காம டெஸ்ட் எடுக்கக்கூடாது, ரிசல்ட்ட வெளிய சொல்லக்கூடாதுன்னு வெவரமா சொன்னாவ. சிபிலிஸ்ங்கற பால்வினை நோய்க்கும் கேட்டு எடுத்துக்கிட்டோம். காசு கெடையாது. அன்னைக்கே ரிசல்ட், ரெண்டு பேருக்கும் நெகட்டிவ். ஆனா கடைசி மூணு மாசத்துல ரிஸ்க் எதுவும் இருந்தா இத நம்பிராதீங்க, திரும்ப வந்து எடுக்கணும்னாவ.

ஆணுறை எப்படி போடணும்னு மரத்துல செஞ்ச ஒரு மாடல வச்சு காமிச்சாவ. பாக்கெட்ட விரலால அமுக்கிப் பாக்கணும், உள்ள காத்து நிக்கணும், இல்லன்னா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம். பல்லால கிழிக்கக் கூடாது, நுனிய ரெண்டு விரலால பிடிச்சுக்கிட்டே உருட்டி விடணும், பர்ஸுக்குள்ள மாசக்கணக்கா வச்சா சூட்டுல கெட்டுரும். தேங்காண்ணெய் தடவுனா ரப்பர் விட்டுப்போயிரும்னு சொன்னப்போதான் ஐயோன்னு இருந்துச்சு, நம்ம பக்கம் எல்லாத்துக்கும் தேங்காண்ணெய்தானே.

இன்னொண்ணும் கவுன்சிலர் அக்கா அவருட்ட தனியா சொல்லிருக்காவ, கல்யாணம் ஆயிட்டுங்கறதால பொண்டாட்டி எப்பவும் சரின்னு சொல்லணும்னு இல்ல, ஒவ்வொரு தடவையும் கேளுங்கன்னு. திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டுல நன்னாரி சர்பத்த கையில வச்சுக்கிட்டு "உனக்கு வேண்டாம்னா எப்படி சொல்லுவ, நேரா சொல்லிருவியா"ன்னு கேட்டாரு. சொல்லிருவேன்னேன். அதுக்குப்பெறவு சொல்லவும் செஞ்சிருக்கேன், மொகம் சுளிக்காம திரும்பிப் படுத்துருக்காரு.

கல்யாணம் முடிஞ்சு ஒரு மெடிக்கல்ல அவரு ஆணுறை கேட்டா, என்னமோ களவுச்சாமான் மாதிரி பேப்பர்ல சுத்தி கருப்பு கவர்ல போட்டுக் குடுத்துருக்காவ. இவரு அங்கயே பிரிச்சு எக்ஸ்பயரி தேதிய பாத்துட்டுதான் காசு குடுத்தாராம்.

நேர்ல போறதுக்கு கூச்சமா இருந்தா 1097ங்கற எச்ஐவி ஹெல்ப்லைனுக்கு ஃபோன் அடிங்க, ஃப்ரீதான். நம்பிக்கை மையத்துல ஆணுறையும் சும்மாவே குடுக்காவ, கேட்டு வாங்கிக்கோங்க.