போர்ட் வைத்த சப்வூஃபர் பெட்டி: பாஸ் பிரமாதம், அந்த ‘புஸ்’தான் சகிக்கவில்லை

பெட்டி 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை), ஸ்பீக்கரும் போர்ட்டும் (காற்று போய்வரும் குழாய்) அடைக்கும் இடம் போக உள்ளே 45 லிட்டர், ட்யூனிங் (போர்ட் அதிகம் முழங்கும் அதிர்வெண்) 35 ஹெர்ட்ஸ், 12 இஞ்ச் சப்வூஃபர் (அடிச்சத்தத்துக்கான ஸ்பீக்கர்). பல வருஷமாக கார் டிக்கியில் கிடக்கிறது. பாஸைக் குறை சொன்னால் வாய் வெந்துபோகும். பாஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். அது முழுசாக வந்து முதுகில் உட்காரும். 35-ஐ ஒட்டிய சத்தம் ஓடும்போது டிக்கியைத் திறந்து பாருங்கள், கோன் (ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் ஆடும் கூம்பு) அசைவதே தெரியாது. போர்ட் வாயில் கையை வையுங்கள், காற்று அறையும்.

வினையே அந்தக் காற்றுதான். செய்து கொடுத்தவர் 3 இஞ்ச் குழாய் போட்டுவிட்டார். 12 இஞ்ச் கோன் தள்ளும் காற்று அந்தச் சந்துக்குள் புகுந்து வெளியே வரும்போது ‘புஸ் புஸ்’ என்கிறது. டிரம்ஸ் முழங்கும் பாட்டில் அமுங்கிவிடும். ஒற்றை பாஸ் மட்டும் நீளமாக இழுக்கிற இடத்தில், வால்யூம் ஏற ஏற, பாட்டை விட்டுவிட்டு மனசு அதையே கேட்கும். முனையில் விரிந்த வாய் மாட்டினேன், குறைந்தது, போகவில்லை.

அவர் பக்கமும் நியாயம் உண்டு. இதே 45 லிட்டர், 35 ஹெர்ட்ஸுக்கு 3 இஞ்ச் குழாய் சுமார் 19 செ.மீ. நீளம் இருந்தால் போதும். 4 இஞ்ச் என்றால் ஏறக்குறைய 37 செ.மீ. வேண்டும். அது தின்னும் 3 லிட்டருக்கு மேலான இடத்தையும் சேர்த்துப் பெட்டியைப் பெரிசாக்க வேண்டும், குழாயை வளைக்கவும் வேண்டியிருக்கும். அதெல்லாம் புரிகிறது. ஆனால் கேட்டிருந்தால் டிக்கியில் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருப்பேனே! கேட்கவே இல்லை, மனுஷன்.

ட்யூனிங்குக்குக் கீழே கோனுக்குப் பிடிமானம் கிடையாது, தறிகெட்டு ஆடும். ஆம்பில், ரொம்பக் கீழான சத்தத்தை வெட்டும் சப்சோனிக் ஃபில்டரை 30 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்துவிடுங்கள்.

புதிதாகப் பெட்டி செய்யப்போகும் நண்பர் எதைச் செய்வது என்று கேட்டார். யோசிக்காமல் சீல்டு (போர்ட் இல்லாத, மூடிய பெட்டி) என்றேன். போர்ட் பெட்டியில் அடிச்சத்தம் ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 24 டெசிபல் என்று சரியும், சீல்டில் 12தான். மூடிய கார் தானே அடிபாஸைத் தூக்கிக் கொடுக்கும். ஒன்றிரண்டு லிட்டர் முன்னே பின்னே போனாலும் காது கண்டுபிடிக்காது. ‘புஸ்’ கிடையவே கிடையாது.

“அப்போ உன்னோடதைக் கழற்றிட்டு நீயும் சீல்டு போட்டுக்க வேண்டியதுதானே?” என்றார். அதெல்லாம் முடியாது.