மதுரை வில்லாபுரம் மாடி வீட்டு டிராயிங் கிளாஸ்: ஆறு மாசம் பணம் கட்டுன அப்பாவோட ரிவ்யூ

மொதல்லயே சொல்லிர்றேன், போர்டு கூட கிடையாது. ஒரு வீட்டு மாடி, மேல தகர ஷெட்டு, மே மாசம்னா வெந்துரும். பாப்பா ஒம்பதாவது படிக்குறா. இதுக்கு முன்னாடி போன இடத்துல ரெண்டு மலை, நடுவுல சூரியன், ஓரமா ஒரு தென்னமரம், புக்கைப் பாத்து காப்பி, அம்புட்டுதான். ஸ்கூல்ல டிராயிங் பீரியட கணக்கு சார் வாங்கிக்குவாரு. ஒரு கட்டத்துல பென்சிலையே தொட மாட்டேன்னுட்டா.

இங்க மொத நாளே சார், வீட்டுல யாரும் தூக்கிப்போட விடாத பொருள் ஒண்ணு எடுத்துட்டு வாங்கன்னுருக்காரு. எங்கம்மா முன்னாடி கூலிக்கு சுங்குடி சேலைக்கு முடிச்சு போடுவாங்க, சாயம் முக்காம விட்டுப்போன துண்டு ஒண்ணு பீரோவுல கெடக்கும், இவ அதைக் கொண்டு போயிட்டா. மூணு வாரம் அதே துணி, 4பி பென்சில். எனக்கு செம கடுப்பு. அப்புறம் பாத்தா இவளாவே அப்பத்தாகிட்ட உக்காந்து, நகத்தால எப்படி கிள்ளுவீங்க, நூல எத்தன சுத்து, பிரிச்சா ஏன் அங்க மட்டும் வெள்ளையா இருக்குன்னு (முடிச்சுக்குள்ள சாயம் போகாது, அதான் புள்ளி) நோண்டி நோண்டி கேட்டு கடைசில அப்பத்தா கையையே வரைஞ்சுட்டா. "ஏன்டி, என் வெரலு இம்புட்டு கோணலாவா இருக்கு"ன்னு அம்மா வஞ்சாங்க, ஆனா வீட்டுக்கு யாரு வந்தாலும் அவங்கதான் அதை எடுத்துக் காட்டுறாங்க.

ஒரு ஞாயித்துக்கெழம திருமலை நாயக்கர் மகாலுக்கு கூட்டிட்டுப் போனாங்க. 1636ல கட்டுன மகால், எல்லாப் பிள்ளையும் தூண வரையுது, ஒரு பய மட்டும் தூண்ல கண்டவனும் கிறுக்கி வச்சிருக்குற பேரையும் ஹார்ட்டையும் வரைஞ்சுருக்கான். ஏன்டா இதுன்னா, "எங்கண்ணன் பேரு இருக்கு சார்"ங்குறான். சார் சிரிச்சுட்டு, அப்ப எழுத்த நல்லா அழுத்திப் போடுன்னுட்டாரு.

கொறையும் இருக்கு. கவர்மெண்ட் டெக்னிக்கல் எக்ஸாம்ல ட்ராயிங் எழுத வைக்கணும்னு நெனைச்சா இது சரிப்படாது, அங்க ப்ரீஹேண்ட் அவுட்லைன் (வெறுங்கையால உருவக்கோடு போடுறது), மாடல் டிராயிங் (முன்னாடி வச்ச பொருளப் பாத்து வரையுறது)னு பரீட்சை முறைப்படி பழகணும், இங்க அதுக்கு பயிற்சியே கெடையாது. லீவுன்னா காலைல எட்டு மணிக்குத்தான் மெசேஜ் வரும். மாசம் 700 ரூவா, சார்ட்டு பென்சில் நம்ம செலவு. வண்டிய தெரு முனையிலயே விட்டுருங்க, தண்ணி பாட்டில் குடுத்து அனுப்புங்க, மாடியில கேன் பாதி நாள் காலிதான்.