எலி விரட்டியை ஸ்கோப்பில் சோதிக்க: திறந்து அளப்பதா, வெளியிலிருந்து கேட்பதா?

கடலூர் முதுநகரில் அண்ணன் கடை அரிசி மூட்டைகளுக்காக வாங்கிய அல்ட்ராசோனிக் (நம் காதுக்குக் கேட்காத ஒலி) எலி விரட்டி உண்மையிலேயே ஒலி எழுப்புகிறதா? ஆஸிலோஸ்கோப்பில் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி, சுருக்கமாக ஸ்கோப்) பார்க்க இரண்டு வழிகள்.

ஒன்று, திறந்து சர்க்யூட்டில் அளப்பது. மலிவான கருவிகள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஒரு கெபாசிட்டர் வழியாக 230 வோல்ட் நேரே போர்டுக்கு வருகிறது. உச்சம் சுமார் 325 வோல்ட். புரோபின் (ஸ்கோப்பின் அளக்கும் வயர்) கிரவுண்ட் கிளிப்போ ஸ்கோப் பிளக்கின் எர்த்தோடு இணைந்தது. அதை போர்டில் மாட்டினால் மெயின்ஸ் எர்த்துக்கு ஷார்ட் ஆகும்; புரோப் கருகும், ஸ்கோப்பும் போகலாம். சிலர் ஸ்கோப்பின் எர்த் பின்னை எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஸ்கோப்பின் உலோகப் பாகங்களிலேயே கரண்ட் ஏறி நிற்கும், கை பட்டால் உயிருக்கே ஆபத்து. எலி விரட்டியை 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரில் (அதே வோல்டேஜை, மெயின்ஸோடு நேரடி இணைப்பு இல்லாமல் தருவது) இயக்குங்கள். அப்போதும் இரண்டு முனைகளைச் சேர்த்துத் தொட்டால் ஷாக் அடிக்கும், வீட்டு ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) அதைக் கண்டுகொள்ளாது. அணைத்த பிறகும் கெபாசிட்டரில் சார்ஜ் தங்கலாம்.

இன்னொன்று, 40 கிலோஹெர்ட்ஸ் ரிசீவர் கேப்சூலின் (அல்ட்ராசோனிக் ஒலிக்கான சின்ன மைக்) இரு கால்களில் புரோபை மாட்டி, மூடிய கருவிக்கு எதிரே பிடிப்பது. மெயின்ஸ் பக்கம் கையே போகாது. குறை, 40-ஐ ஒட்டித்தான் அதற்கு நன்றாகக் கேட்கும். அதிர்வெண் ஏறி இறங்கும் கருவியில் அலையின் உயரத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

ஒலி வருகிறதா என்பது மட்டும் தெரிய, நான் கேப்சூலைத்தான் எடுப்பேன். ரிப்பேர் பார்க்க வேண்டியிருந்தால் மட்டுமே டிரான்ஸ்ஃபார்மர்.