கார் கதவு பீடிங்: மெழுகை நம்பும் ரப்பரா, ஈபிடிஎம்மா?

கார் கதவைச் சுற்றி இடைவெளியை அடைத்தபடி ஓடும் ரப்பர் பட்டைதான் பீடிங். அதை எங்கள் பட்டறையில் நெடுநாள் இயற்கை ரப்பரும் எஸ்பிஆர் என்ற செயற்கை ரப்பரும் கலந்த காம்பவுண்டில்தான் (கலவையில்தான்) செய்துவந்தோம். மூன்று வருடங்களுக்கு முன் அதை முழுக்க ஈபிடிஎம் என்ற இன்னொரு செயற்கை ரப்பருக்கு மாற்றினேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பீடிங் என்றால் ஈபிடிஎம்தான்.

பீடிங்குக்குப் பெரிய எதிரி காற்றில் உள்ள ஓசோன் வாயு. அது என்ன செய்கிறது என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். ரப்பர் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்பைப் பார்த்து வெட்டும். இயற்கை ரப்பரில் ஒவ்வொரு கண்ணியிலும் அப்படி ஒன்று உண்டு. இழுபட்டு நிற்கும் இடத்தில் அந்த வெட்டு, இழுவைக்குக் குறுக்கே வெடிப்பாக விரியும். இழுவை இல்லாமல் கிடக்கும் ரப்பரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் பீடிங்கின் நேர்ப்பகுதி பளபளவென்று இருக்கும்போதே மூலை வளைவு வெடித்துவிடுகிறது.

பழைய காம்பவுண்டில் 100 பங்கு ரப்பருக்கு, ஓசோனைத் தடுக்க 2 பங்கு 6பிபிடி என்ற ரசாயனம், 2 பங்கு மெழுகு. மெழுகு உள்ளிருந்து ஊறி வந்து மேலே பூத்து படலமாக நிற்கும். 6பிபிடி, ரப்பருக்கு முன்னால் தானே ஓசோனோடு வினைபுரிந்து அடியை வாங்கிக்கொள்ளும். ஓசோன் சோதனைப் பெட்டியான சேம்பரில் 40 டிகிரி, 10 கோடியில் 50 பங்கு ஓசோன், 20 சதவீத இழுவை, 72 மணி நேரம். வெளியே எடுத்து ஏழு மடங்கு லென்ஸில் பார்த்தால் ஒரு கீறல் இருக்காது. பாஸ் என்று எழுதி அனுப்பினோம். இரண்டு கோடை கழிந்ததும் அதே சரக்கு திரும்பி வந்தது. எல்லாம் மூலையில், கதவு மூடும்போது அழுந்தும் மெல்லிய விளிம்பான உதட்டின் அடிப்பகுதியில் வெடிப்பு. அந்தத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாள் இன்னும் மனதில் இருக்கிறது. சோதனையில் தவறு இல்லை, கலவையிலும் எடை தவறவில்லை. அப்புறம் எங்கே போயிற்று?

என் முடிவைத் தீர்மானித்தது இந்தக் கேள்விதான். சேம்பரில் மாதிரி அசையாமல் நிற்கிறது. மெழுகுப் படலமும் அசையாமல் நிற்கிறது. காரிலோ கதவு ஒரு நாளைக்குப் பல தடவை திறந்து மூடுகிறது. ரப்பர் வளையும், மெழுகு வளையாது, படலம் உடையும். உடைந்த இடம் மட்டும் திறந்து கிடப்பதால் ஓசோன் முழுக்க அங்கேயே வேலை செய்யும். பல சிறு கீறல்களுக்குப் பதிலாகச் சில ஆழமான வெடிப்புகள் விழும். திரும்பி வந்த துண்டுகளில் கண்டது அதைத்தான்.

இன்னொன்று வெயில். மெழுகு பூக்க வேண்டுமென்றால் அது ரப்பரில் முழுக்கக் கரையாமல் மிச்சமாக இருக்க வேண்டும். சூடு ஏற ஏறக் கரையும் அளவு கூடும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் கறுப்பு ரப்பரைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். படலம் மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் மெழுகு உள்ளே திரும்பிப் போகிறது. இதோடு வாரா வாரம் துணி போட்டுத் துடைப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துடைத்தால் உள்ளிருந்து புதிது ஊறி வரும், சரி. ஆனால் இருப்பு எவ்வளவு? டயரின் பக்கச்சுவரில் நிறைய ரப்பர் இருக்கிறது, அதனால் இருப்பும் பெரிது. அங்கே இதே 6பிபிடியும் மெழுகும் வருடக்கணக்கில் காப்பாற்றுகின்றன. பீடிங் உதடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அவ்வளவு மெல்லிய இடத்தில் இருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அளவைக் கூட்டிப் பார்த்தேன். மெழுகு கூடினால் பீடிங் சாம்பல் பூத்தது போல ஆகிவிடுகிறது. 6பிபிடி கூடினால் வெள்ளைக் காரின் பெயின்ட்டில் பழுப்புக் கறை இறங்குகிறது. டயர்த் தூளிலிருந்து மழைநீரோடு ஓடையில் சேரும் 6பிபிடி-குயினோன் (6பிபிடி ஓசோனோடு வினைபுரிந்து உண்டாவது), கோஹோ சால்மன் மீன்களைக் கொல்வதாக 2020இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கண்டறிந்தார்கள். பீடிங் டயரைப் போலத் தேய்ந்து தூளாவதில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அந்தப் பொருளைக் கூட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஈபிடிஎம்மில் இந்தக் கணக்கே கிடையாது. அதன் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்பு இல்லை. கந்தகம் பிடித்துக்கொள்வதற்காகச் சேர்க்கும் ஈஎன்பி என்ற பொருளில் ஒரு இரட்டைப் பிணைப்பு உண்டு, ஆனால் அது சங்கிலியின் பக்கவாட்டில் தொங்குகிறது. ஓசோன் அதை வெட்டினாலும் சங்கிலி அறுபடாது. பூக்கவும் ஊறவும் தீரவும் எதுவும் இல்லை. பட்டறை மொட்டை மாடியில் இரண்டு காம்பவுண்டையும் மரச்சட்டத்தில் 20 சதவீதம் இழுத்து ஆணியடித்து வைத்தேன். ஒவ்வொன்றிலும் பாதி நீளத்தை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தோம். பழைய காம்பவுண்டில் துடைத்த பாதி முதல் கோடையிலேயே வெடித்தது, துடைக்காத பாதி அப்போது நன்றாகவே இருந்தது. ஈபிடிஎம்மில் எது துடைத்த பாதி என்று இன்றும் சொல்ல முடியவில்லை.

விலை? கிலோ விலையைப் பார்த்து பயந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஈபிடிஎம் 100 பங்குக்கு 120 கார்பன் பிளாக், 80 பாரஃபினிக் எண்ணெய் என்று சளைக்காமல் வாங்கிக்கொள்கிறது. சாக் பவுடரையும் சேர்த்தால் முடிந்த காம்பவுண்டில் ரப்பர் மூன்றில் ஒரு பங்குகூட வராது. பழைய கலவையில் பாதிக்கு மேல் ரப்பர்தான். மீட்டர் கணக்கில் பார்க்கும்போது வித்தியாசம் நான் பயந்த அளவுக்கு இல்லை.

தொல்லைகள் உண்டு. ஈபிடிஎம் வேகுவது, அதாவது சூட்டில் கந்தகத்தோடு பிணைந்து இறுகுவது, மெதுவாக நடக்கும், அதனால் அதை விரைவாக்கும் ஆக்ஸிலரேட்டர் அதிகம் போட வேண்டியிருக்கிறது. ஒரே ஆக்ஸிலரேட்டரை நிறையப் போட்டால் வெள்ளைத் தூளாகப் பூக்கும், வாங்கியவர் பூஞ்சை என்று திருப்பி அனுப்புவார். நாலைந்து வகைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதுதான் வழி. பச்சை, அதாவது இன்னும் வேகாத, ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டாது, மூலை ஜாயிண்டுக்குத் தனியாக மோல்டு செய்ய வேண்டியிருந்தது. இயற்கை ரப்பர் ஓட்டிய மில்லை (ரப்பரைக் கலக்கும் உருளை இயந்திரத்தை) சுத்தம் செய்யாமல் இதை ஏற்றவே கூடாது.

நியோபிரீன் என்ற மற்றொரு செயற்கை ரப்பரில் நான் செய்தது இரண்டு சிறிய ஆர்டர்கள்தான், அதை வைத்துப் பெரிதாகப் பேச மாட்டேன். குளோரின் இருப்பதால் ஓசோனை ஓரளவு தாங்கும், எண்ணெயையும் தாங்கும். ஆனால் எடை அதிகம். ஈபிடிஎம்மின் அடர்த்தி 0.86 என்றால் இது 1.23. மீட்டர் கணக்கில் விற்கும் சரக்குக்கு அது வலிக்கும்.

எண்ணெய் படும் இடத்தில் மட்டும் ஈபிடிஎம்மை வைக்காதீர்கள். பெட்ரோலிலும் இன்ஜின் ஆயிலிலும் ஊறி உப்பிவிடும். பானெட்டுக்கு அடியில் ஆயில் தெறிக்கும் இடத்துக்கு ஒருவர் பீடிங் கேட்டபோது எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர்-பிவிசி கலவையில் செய்து கொடுத்தேன். அது வண்டியில் ஏறி ஒரு கோடைதான் ஆகிறது.